பயன்பெறக்கூடியவர்

கடந்த நான்கு வாரங்களில் தாங்கள் உணவின் மீதான கட்டுப்பாட்டை இழந்த உணர்வை எத்தனை நாட்கள் அனுபவித்தீர்கள். அனுபவித்தீர்களாம். கல்யாண விருந்தை அனுபவிக்கிற மாதிரி. யார் எழுதிய தமிழோ இது என்று மகுடேஸ்வரிக்கு மூன்றாவது தடவையாக எரிச்சல் மூண்டது. பேனா மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினாள். பத்தரைக்கு வரச் சொன்னார்கள், இப்போது பத்து ஐம்பது. கோயம்புத்தூரில் அந்த ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், மனநலப் பிரிவின் முன்னால், ஒன்றோடொன்று பற்றவைத்த ஸ்டீல் நாற்காலிகளின் கடைசி வரிசையில், யார் கண்ணிலும் படாத மூலையாகப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள். அப்படியும் கவுன்ட்டரில் இருந்த பெண் எழுந்து நின்று, "சாப்பாட்டு ஸ்டடிக்கு வந்தவங்க யாருங்க? ஃபார்ம் வாங்கிக்குங்க" என்று ஹாலுக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள். சாப்பாட்டு ஸ்டடி. இருபது தலைகள் திரும்பின. எழுந்து போய் வாங்கி வந்து உட்காருவதற்குள் புடவைக்குள் முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. நாற்பத்து நாலு வயசு, பெருந்துறைப் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினேழு வருஷமாகக் கெமிஸ்ட்ரி டீச்சர், ஐம்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்குகிறவள், இப்போது நாலு பக்கத் தாளை மடியில் வைத்துக்கொண்டு முதல் கேள்வியைத் தாண்ட முடியாமல் முழிக்கிறாள். எதிர்ச் சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடியது. சமையல் நிகழ்ச்சி. வாயெல்லாம் பல்லாக ஒருத்தன் வாணலியில் நெய்யை ஊற்றினான், ஊற்றினான், ஊற்றிக்கொண்டே இருந்தான். இந்த ஹாலில் இந்தச் சேனலை வைக்கலாமா என்று ஒரு ஆளாவது ஒரு நிமிஷம் யோசித்திருந்தால். யார் யோசிக்கிறார்கள். ரிமோட் கையில் கிடைத்தால் தானே மாற்றிவிடலாம். எதையும் தானே மாற்றிப் பழகிய கை.

மூன்று மாசத்துக்கு முன்னால், ஏப்ரல் நடுவில், இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே தாளை எழுதினாள். அதற்கு முந்தின வாரம் பேப்பரில் உள்ளங்கை அகலத்தில் ஒரு விளம்பரம். அடக்க முடியாமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு வருந்துகிறீர்களா, வீட்டிலிருந்தே கையேட்டின் துணையோடு மீளலாம், எங்கள் ஆய்வில் பங்கேற்க அழையுங்கள். லேபை ஒட்டி அமில பாட்டில்கள் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் போன் பண்ணினாள். எடுத்துப் பேசியவள் பெனிட்டா. நாகர்கோவில்காரி, இருபத்தாறோ இருபத்தேழோ இருக்கும், அந்த ஆய்வுக்கென்றே வேலைக்கு எடுத்திருந்த மனநல ஆலோசகர். நேரில் வந்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆர்வமாகத்தான் பேசினாள். "எல்லாருக்கும் வாரா வாரம் உக்காந்து பேச ஆள் கிடையாது மேடம். சில பேருக்குக் கையேடே போதும். சில பேருக்குப் போதாது. யாருக்குப் போதும், யாருக்குப் போதாதுன்னு முன்கூட்டியே சொல்ல முடியுமான்னுதான் நாங்க பாக்கோம்." மகுடேஸ்வரி எழுதிக் கொடுத்த பதில்களை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள், ஒரு பட்டனைத் தட்டினாள், திரையைப் பார்த்தாள், முகம் மலர்ந்து திரும்பினாள். "சொல்லக்கூடாது மேடம், இருந்தாலும் சொல்றேன். உங்களுக்குக் கையேடே போதும்கறதுக்கு எண்பத்திரண்டு சதவீதம்! இதுவரை வந்தவங்கள்ல உங்களுக்குத்தான் அதிகம். படிச்சவங்க, நிலையான வேலை, குறிப்பெழுதற பழக்கம் இருக்கு, மாறணும்னு ஆசை இருக்கு, வாந்தி எடுக்கற பழக்கம் கிடையாது. உங்கள மாதிரி ஆளுக்காகத்தான் மேடம் இந்தப் புத்தகமே போட்டது." கேட்டதும் பெருமையாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் மகுடேஸ்வரிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வரும். ரேங்க் கார்டை வாங்கிய பிள்ளை மாதிரி அந்த எண்ணை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு படி இறங்கினாள். அம்மாவும் இப்படித்தானே. அக்கா துளசிமணிக்கு இழுப்பு. மழை வந்தால் இழுக்கும், பனி வந்தால் இழுக்கும், எப்போதும் யாராவது அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். "மகுடத்துக்கென்ன, அவ தானாப் பாத்துக்குவா" என்பாள் அம்மா, வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம், அதுவும் பெருமையாகத்தான். ஆறு வயசிலிருந்து தலையைத் தானே பின்னிக்கொண்டவள். பெரிய மனுஷியான அன்றைக்கு அம்மா அக்காவோடு ஈரோட்டு ஆஸ்பத்திரியில் இருந்தாள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, என்ன செய்யணும் என்று இவளே கேட்டுக்கொண்டாள். அப்போது யாராவது கம்ப்யூட்டரில் தட்டியிருந்தால் அதுவும் எண்பத்திரண்டுதான் காட்டியிருக்கும். நன்றாகச் செய்வாள் என்று ஒருத்தி மேல் எழுதி ஒட்டிவிட்டால் எவ்வளவு சௌகரியம். ஒட்டியவர்கள் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடலாம்.

புத்தகம் மட்டும் என்னவாம். நீல அட்டை, நூற்றிருபது பக்கம், மேலே கொட்டை எழுத்தில் சுய உதவிக் கையேடு. அலமாரியில் துணிக்கு நடுவே வைத்திருந்ததை அவள் வீட்டுக்காரர் சண்முகசுந்தரம் ஒருநாள் பனியன் தேடும்போது எடுத்துவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷன், எதையும் இரண்டாவது தடவை கேட்கிற பழக்கம் மட்டும் இல்லை. அட்டையை மட்டும் பார்த்துவிட்டு, "என்ன, மகளிர் குழுவுல சேந்துட்டயா?" என்றார். "ஆமாங்க, ஸ்கூல்ல குடுத்தாங்க" என்றாள். முடிந்தது. உள்ளே ஒரு பக்கத்தைப் புரட்டியிருந்தால் போதும். கல்யாணமாகி இருபத்தொரு வருஷம், சென்னையில் காலேஜ் படிக்கிற மகள், ஒரே குளியலறை, ஒரே சுவர், எப்படி ஒருத்தருக்கும் எதுவும் கேட்கவில்லை. குழாயைத் திறந்துவிடுவாள், அதனால் கேட்கவில்லை. இல்லை, அதைச் சொல்லக்கூடாது, அது பதினாலாவது கேள்வி, அங்கே அப்புறம் போகலாம். புத்தகம் சொல்வது இதுதான்: மணி பார்த்துச் சாப்பிடு, மூன்று வேளையும் நடுவே இரண்டு சிற்றுண்டியும், பசித்தாலும் பசிக்காவிட்டாலும். சாப்பிட்டதை அப்போதைக்கப்போது எழுதி வை. அடக்க முடியாத வேகம் வரும்போது நண்பருக்குத் தொலைபேசவும், சற்று உலாவவும், வெதுவெதுப்பான நீரில் குளிக்கவும். மே மாசத்தில், பெருந்துறையில், வெதுவெதுப்பான நீரில். நண்பருக்குத் தொலைபேசி என்ன சொல்வது? ஏனுங்க டீச்சர், எனக்கு ஒரு டப்பா மைசூர்பாகையும் நின்ன வாக்கிலேயே தின்னணும்போல இருக்குதுங்க, ஒரு பத்து நிமிஷம் ஏதாச்சும் பேசிட்டிருங்க என்றா? அப்படியும் செய்தாள். சத்தியமாகச் செய்தாள். நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டு, சாப்பிட்ட நேரம் நீலத்தில், மனநிலை சிவப்பில். மூன்று வாரம் ஒழுங்காக நடந்தது, உடம்பு லேசானது மாதிரிகூட இருந்தது, கண்ணாடியில் முகம் பார்த்தாள். நாலாவது வாரம் கொழுந்தனார் மகனுக்குக் காதுகுத்து. பந்தியில் எல்லோருக்கும் பரிமாறி, கடைசியில் உட்கார்ந்து, பெயருக்குக் கொஞ்சம் சாப்பிட்டு, எல்லோரும் கிளம்பினபிறகு மிச்சத்தை எடுத்து வைக்கிறேன் என்று சமையல்கட்டுக்குள் தனியாகப் போனாள். அதோடு சரி. அன்றைக்கு நோட்டில் எழுதியது: இரவு 8.15, இரண்டு இட்லி, மனநிலை அமைதி. சிவப்பு மையில், அடிக்கோடு போட்டு. அதற்குப் பிறகு எழுதிய எட்டு வாரமும் பொய். பெனிட்டா பதினைந்து நாளைக்கு ஒரு தடவை போன் பண்ணுவாள், பத்தே நிமிஷம். "எப்படிப் போகுது மேடம்?" "நல்லாப் போகுதும்மா." "எனக்குத் தெரியும் மேடம்!" எனக்குத் தெரியும் என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிற பெண்ணிடம் எப்படி ஐயோ இல்லையம்மா என்பது. அவள் ஏமாந்துபோவாளே என்று இவள் கவலைப்பட வேண்டியிருந்தது. யார் யாருக்கு வைத்தியம் பார்க்கிறார்கள் இங்கே?

பக்கத்து நாற்காலியில் யாரோ உட்கார்ந்தார்கள். மூலையைப் பார்த்து உட்கார்ந்ததற்கு இதுதான் பலன். முப்பத்தஞ்சு வயசிருக்கும், சுடிதார், கழுத்தில் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் அடையாள அட்டையைக் கழற்ற மறந்து வந்திருந்தாள். அட்டையில் பாப்பாத்தி, செக்கிங் பிரிவு என்றிருந்தது. கையில் அதே நாலு பக்கத் தாள். "ஏனுங்க, டீச்சருங்களா?" என்றாள். எப்படித் தெரிகிறதோ, நெற்றியிலா எழுதியிருக்கிறது. "இத எனக்குக் கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களாங்க? எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள மறந்து போயிருது." படிக்கத் தெரியாதவளுக்கும் புத்தகத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், பார், என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டே மகுடேஸ்வரி தன் தாளைத் திருப்பி வைத்துவிட்டு அவளுடையதை வாங்கினாள். அடக்க முடியாமல் சாப்பிட்டது, போன நாலு வாரத்தில் எத்தனை நாள்? "ரெண்டு நாளுங்க." இரண்டா. "ஆமாங்க. முந்தியெல்லாம் தெனமுமுங்க. கம்பெனிய விட்டு ரூமுக்குப் போனா ஒரு சட்டிச் சோறுங்க, வயிறு கிழியறாப்பல இருந்தாலும் கை நிக்காதுங்க." புத்தகம் உதவியதா என்று மகுடேஸ்வரி கேட்டது தாளில் இல்லாத கேள்வி. பாப்பாத்தி சிரித்தாள். "அது எங்கீங்க எனக்குப் படிக்க வருது? எனக்கு ஒத்து வராதுன்னு அவுங்களே நெனச்சாங்களாட்ட இருக்குது, சும்மா குடுத்துப் பாக்கலாம்னு குடுத்தாங்க. எனக்குப் பக்கத்து டேபிள்ல ரோசம்மாக்கான்னு ஒருத்தருங்க. அவுங்களைப் படிச்சுச் சொல்லச் சொன்னனுங்க. படிச்சா அவுங்களுக்கு வெவரம் தெரிஞ்சு போச்சுங்களே. இப்பப் பத்து மணி பெல்லு அடிச்சா ஒரு பன்னு, ஒரு டீ, அவுங்க பக்கத்துல உக்காந்து நான் தின்னே ஆகோணும். நாலு மணிக்கும் அப்பிடியே. ராத்திரி போன் பண்ணுவாங்க. தின்னயா, பாத்திரத்தக் கழுவிக் கவுத்திட்டயா, படுத்துட்டயா, மூணே கேள்விங்க." ஒரு பன். மகுடேஸ்வரிக்கு அழுகிறதா கோபப்படுகிறதா என்று தெரியவில்லை. நூற்றிருபது பக்கத்தை மூன்று தடவை படித்து, அடிக்கோடிட்டு, ஓரத்தில் குறிப்பு எழுதி, சுருக்கம் எழுதி, ஒரு பன்னுக்கு வழியில்லை. "சொல்றதுக்கு வெக்கமா இல்லீங்களா?" என்று கேட்டேவிட்டாள். "இருந்துச்சுங்க. சொன்னதும் அந்தக்கா சிரிச்சுப்போட்டாங்க. நானும் சிரிச்சனுங்க. அப்புறம் அழுதுட்டனுங்க." பாப்பாத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தாளைத் தொட்டாள். "அப்புறம் என்னங்க போட்டிருக்குது?" பன்னிரண்டு, பதிமூன்று படித்தாயிற்று. பதினாலு. உட்கொண்ட உணவை வெளியேற்றும் பொருட்டுத் தாங்களாகவே வாந்தி எடுத்ததுண்டா, எனில் எத்தனை முறை. பாதி வாக்கியத்தில் நிறுத்தி இருமினாள், மறுபடி முதலிலிருந்து படித்தாள். பாப்பாத்தி முகத்தைச் சுளித்தாள், அருவருப்பில் இல்லை, யாரோ விழுந்து அடிபட்டதைப் பார்க்கிறவள் மாதிரி. "எனக்கு அதெல்லாம் இல்லீங்க. அப்பிடியும் இருப்பாங்களாட்ட. பாவம், எத்தன கஷ்டமோ." இல்லை என்ற கட்டத்தில் மகுடேஸ்வரி அவளுக்காக ஒரு டிக் போட்டாள். டிக் கட்டத்துக்கு வெளியே போயிற்று.

பாவம். அந்த ஒரு சொல் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. இருபத்தைந்து வருஷத்தில் அந்தச் சொல்லை இவள்மேல் யாரும் போட்டதில்லை. கோபியில் பி.எஸ்சி. ஹாஸ்டல், பத்தொன்பது வயசு, முதல் தடவை. ஒரே தடவைதான், இனி இல்லை என்று நினைத்துக்கொண்டாள். அதையே இன்று காலை ஏழே காலுக்கும் நினைத்துக்கொண்டாள். ஏழு மணிக்கு அவர் கடைக்குக் கிளம்பினார், கோயம்புத்தூரில் பயிற்சி வகுப்பு, சாயங்காலம் வந்துவிடுவேன் என்று அவரிடம் சொல்லியிருந்தாள், பள்ளியில் சொந்த வேலை என்று லீவு. வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பியதும் உப்புமா இருந்த பாத்திரத்தை அப்படியே எடுத்தாள், அப்புறம் ரொட்டி, அப்புறம் மகளுக்கு அனுப்ப வைத்திருந்த முறுக்கு, மெல்லவே இல்லை, ருசி தெரியவே இல்லை. தாள் எழுதப் போகிற நாள், இன்றைக்குமா என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது, கை பாட்டுக்குக் கை. குழாய். கண்ணில் நீர். பல் தேய்த்து, பொட்டு வைத்து, ஏழு ஐம்பது பஸ். தொண்டை இன்னும் எரிகிறது. மூன்று மாசத்துக்கு முன்னால் பதினாலாவது கேள்வியில் இல்லை என்று எழுதியபோது அது பொய் சொல்கிற மாதிரியே தோன்றவில்லை, அது வேறு யாரைப் பற்றியோ கேட்கிற கேள்வி மாதிரி இருந்தது. அந்த இல்லையை நம்பித்தானே எண்பத்திரண்டு. அப்படியானால் கம்ப்யூட்டர் யாரைப் பற்றிச் சொன்னது? நன்றாகப் படித்த, குறிப்பெழுதுகிற, வாந்தி எடுக்காத யாரோ ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு இந்தப் புத்தகத்தால் நிச்சயம் குணமாகும், எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். இவளும்தான் வருஷா வருஷம் ஜூலையில் பட்டியல் போடுகிறாள், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்து: கட்டாயம் பாஸ், முயன்றால் பாஸ், மெல்லக் கற்போர். போன வாரம்கூட உட்கார்ந்து எழுதி ஹெச்.எம். மேசையில் வைத்தாள். மெல்லக் கற்போருக்குத்தான் சாயங்கால வகுப்பு, தனிக் கவனம், வீட்டுக்குப் போன். முதல் பட்டியல்காரர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். போன வருஷம் முதல் பட்டியலில் மூன்றாவது பெயர் சுபர்ணா. கையெழுத்து அச்சு மாதிரி. ஜனவரியில் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் மேசையருகே வந்து நின்றாள், "மிஸ், ஒரு நிமிஷம்." டஸ்டரைத் தட்டிக்கொண்டே இவள் சொன்னது: "உனக்கென்னம்மா, நீ படிச்சிருவே, போ." அந்தப் பெண் சிரித்தாள். போனாள். பிப்ரவரியில் பாதி நாள் வரவில்லை, மே மாசம் ரிசல்ட்டில் கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ் இரண்டும் போயிற்று. அவள் அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார், தம்பியை அவள்தான் பார்த்துக்கொண்டாள் என்று மற்றப் பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது. சிரித்தாளே, அந்தச் சிரிப்பு. பரவாயில்லை மிஸ், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற சிரிப்பு, அதை இவளைவிட நன்றாக அடையாளம் தெரிந்தவர்கள் உலகத்தில் யார் இருக்கிறார்கள், எதிரே நின்று சிரித்தபோது தெரியவில்லையே. டிவியில் அந்த ஆள் இன்னும் நெய் ஊற்றிக்கொண்டிருந்தான். "மகுடேஸ்வரி மேடம், உள்ள வாங்க" என்று கவுன்ட்டர் பெண் கத்தினாள். தாளில் ஒரு கட்டம்கூட நிரப்பவில்லை. பாப்பாத்தி தாளை வாங்கிக்கொண்டு, "போய்ட்டு வாங்கக்கா, நல்லதாவே சொல்லுவாங்க" என்றாள்.

பெனிட்டா எழுந்தே நின்றாள். "வாங்க மேடம், உக்காருங்க! உங்களைத்தான் எதிர்பாத்துட்டே இருக்கேன். நோட்டு கொண்டாந்திருக்கீங்கல்லா?" மேசையில் அவள் டிபன் டப்பா மூடியும் மூடாமலும் இருந்தது, எலுமிச்சைச் சாத வாசனை. மகுடேஸ்வரி நோட்டை எடுத்து வைத்தாள். பெனிட்டா புரட்டப் புரட்ட முகம் மலர்ந்துகொண்டே போனது. நீலம், சிவப்பு, அடிக்கோடு. "இத நான் எங்க டாக்டர்கிட்டக் காட்டணும். சொன்னேன்லா மேடம், உங்களுக்குக் கண்டிப்பா..."

"ஃபார்ம் நான் எழுதலைம்மா."

"பரவாயில்ல மேடம், நானே கேட்டு எழுதிக்கிடுதேன். ரெண்டு நிமிஷம்."

"அந்த நோட்டுல மொத மூணு வாரம் நெசம். அதுக்கப்புறம் இருக்கறதெல்லாம் நானா எழுதுனது." சொல்லிவிட்டு, நிறுத்தினால் இனி வராது என்று தெரிந்து, மூச்சு வாங்காமல் மீதியையும் சொன்னாள். "பதினாலாவது கேள்விக்கு ஏப்ரல்ல இல்லைன்னு எழுதினேன். அது பொய். பத்தொம்பது வயசுல இருந்து இருக்குது. நடுவுல ரெண்டு மூணு வருஷம் இல்லாம இருந்துச்சு. இப்ப வாரத்துல நாலு நாள், அஞ்சு நாள். இன்னைக்குக் காலையிலயும்."

பெனிட்டாவின் கை நோட்டின்மேல் அப்படியே நின்றது. மலர்ந்த முகம் மூடுவதற்கு நேரம் எடுத்தது. அந்த நேரம் முழுக்க மகுடேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. "ஆனா மேடம்," என்றாள் கடைசியில், "அப்படின்னா நீங்க இந்த ஆய்வுக்குள்ளயே வந்திருக்கக் கூடாதே. வாந்தி இருக்கவங்களை நாங்க எடுக்கறதே இல்ல. அவங்களுக்கு நேரா டாக்டர்தான். இப்ப உங்க பேரை எடுத்துட்டா மொத்தக் கணக்கும்..."

அப்போதுதான் மகுடேஸ்வரிக்கு வந்தது. காலையிலிருந்து, இல்லை, எவ்வளவோ காலமாக எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருந்த எரிச்சல் எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது. "வந்திருக்கக் கூடாதா? நான் எங்கம்மா போயிருக்கணும்? உன் கம்ப்யூட்டர் சொல்லுச்சு, நீ சந்தோஷப்பட்டே. மூணு மாசமா நீ சந்தோஷமா இருக்கணுமேன்னு நான் பொய் எழுதிட்டிருக்கறேன். போன்ல ஒரு தடவை, ஒரே தடவை, 'நல்லாப் போகலைன்னாலும் சொல்லுங்க'ன்னு கேட்டியா?" குரல் உயர்ந்துவிட்டது என்று கதவுக்கு வெளியே பேச்சு நின்றதில் தெரிந்தது. பாப்பாத்தியும் கேட்டிருப்பாள். கேட்கட்டும். பெனிட்டாவின் கண் நிறைந்தது. இப்போது இவளைச் சமாதானப்படுத்தவும் நான்தானா என்று ஒரு கணம் கை நீண்டது, மகுடேஸ்வரி அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சமாதானப்படுத்தவில்லை. அது எவ்வளவு கஷ்டமான வேலை. கடைசியில் பெனிட்டா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கேக்கல மேடம். தப்புதான்" என்றாள். பிறகு நோட்டை மூடினாள். "கால் பிடிச்சு இழுக்குமா? நெஞ்சு படபடன்னு அடிக்குமா?"

கால் இழுக்கும். ராத்திரியில் கெண்டைக்கால் கல்லாக ஏறும், நின்றுகொண்டே பாடம் நடத்துவதால் என்று நினைத்திருந்தாள். படபடப்பு வயசுக் கோளாறு என்று நினைத்திருந்தாள். பெனிட்டா அடுத்த அறைக்கு ஓடினாள், நடக்கவில்லை, ஓடினாள். டாக்டர் வசுமதி வந்தார், ஐம்பது வயசுக்கு மேல், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, எந்தத் தாளும் இல்லாமல் எதிரில் உட்கார்ந்து பத்துக் கேள்வி கேட்டார். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். முக்கால் மணி நேரத்தில் ரிப்போர்ட். "பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சிருக்கு" என்றார் டாக்டர். பொட்டாசியம். குறியீடு கே, அணு எண் பத்தொன்பது, தண்ணீரில் போட்டால் ஊதா நிறத்தில் தீப்பிடிக்கும். பதினேழு வருஷமாகப் பலகையில் எழுதுகிறாள், தன் ரத்தத்திலும் அது இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இருதயம் நின்றுபோகிற அளவுக்குப் போகக்கூடியது என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். "இன்னிக்கு உங்களை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். இங்கேயே ட்ரிப் ஏத்தறோம். அடுத்த வாரத்திலிருந்து வியாழக்கிழமை வியாழக்கிழமை என்கிட்ட வரணும், புத்தகம் இல்லாம." பெனிட்டா வாசலில் நின்று, "டாக்டர், ஆய்வுல இருந்து இவங்க பேரை எடுத்துரவா?" என்று கேட்டாள். டாக்டர் திரும்பிப் பார்த்தார். "எடுக்காதே. இந்த மாதிரி இல்லைன்னு எழுதினவங்க இன்னும் எத்தனை பேர்னு தேடு. நல்ல மார்க் வாங்கினவங்ககிட்ட இருந்து ஆரம்பி." பிறகு மகுடேஸ்வரியிடம், "கூட யார் வந்திருக்காங்க?" என்றார். யாரும் இல்லை. "வரச் சொல்லுங்க."

மூன்றாம் மாடிக் கட்டிலில், இடது கையில் ஊசி குத்தி டேப் ஒட்டியிருந்தது, வலது கையில் போன். வீட்டுக்காரர் பெயரை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். வேலை நேரம். கடையில் இரண்டு போர் மோட்டார் வந்து கிடக்கிறது என்று காலையில் சொன்னார். இன்று ராத்திரி தங்குகிறேன், வகுப்பு நாளைக்கும் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அவர் நம்புவார், இரண்டாவது தடவை கேட்க மாட்டார், ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது, அவ்வளவு பழக்கம். அழுத்தினாள். நாலு தடவை ரிங் போனபிறகு எடுத்தார். பின்னணியில் கிரைண்டர் மெஷின் சத்தம்.

"என்ன, வேலை நேரத்துல கூப்பிடற? பயிற்சி முடிஞ்சுதா?"

"பயிற்சி எல்லாம் இல்லீங்க. நான் கோயம்புத்தூர்ல ஆஸ்பத்திரியில இருக்கறேன்."

மெஷின் சத்தம் நின்றது. யாரிடமோ அவர், டேய் ஆஃப் பண்ணு என்றது கேட்டது. "ஆஸ்பத்திரியா? யாருக்கு என்னாச்சு? உங்கக்காவுக்கா?"

ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. மகுடேஸ்வரி அது நிற்கும்வரை காத்திருந்தாள்.

"எனக்குங்க" என்றாள்.